மூன்றரைக் கட்டை

ஆர்மோனியத்தில் மூன்றரைக் கட்டை என்று ஒன்று கிடையாது. ஒன்று உண்டு, ஒன்றரை உண்டு. இரண்டு உண்டு, இரண்டரை உண்டு. மூன்றுக்கு அடுத்தது நேராக நான்கு. இரண்டு வெள்ளைக் கட்டைகளும் ஒட்டி உட்கார்ந்திருக்கும், நடுவில் கறுப்புக் கட்டை இருக்காது. யார் அப்படிச் செய்தார்கள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் இந்த வருஷம் மாசி மாசத்தில் அவரைத் தேடிப் போய் நாலு கேள்வி கேட்டிருப்பேன்.

என் பெயர் முருகேஸ்வரி. தாண்டிக்குடியில் ஒரு காபி எஸ்டேட் களத்தில் கொட்டை தரம் பிரிக்கிறேன். எனக்கு வாய் நீளம், கோபம் அதைவிட நீளம் என்று என் வீட்டுக்காரர் சிவமுருகன் சொல்வார். அவர் ஜீப் ஓட்டுகிறவர். இந்த மலை வளைவுகளில் பொறுமையாகப் போய்ப் பழகியவர். எனக்கு அந்தப் பழக்கம் இல்லை.

இப்படிப்பட்டவள் கையில் எட்டுக் கம்பி ஸ்டீல் கிடார் எப்படி வந்தது என்று கேட்பவர்கள் உண்டு. கொரோனா வந்த வருஷம் நான் வட்டக்கானலில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் சமையல் வேலையில் இருந்தேன். பஸ் நின்றது, நான் அங்கேயே மாட்டிக்கொண்டேன். விமானம் நின்றது, தோமாஸ் என்ற வெள்ளைக்காரரும் மாட்டிக்கொண்டார். அவர் அந்தக் கிடாரை மடியில் படுக்கவைத்து, இடது கையில் ஒரு இரும்பு உருளையைப் பிடித்துக் கம்பிகள்மேல் வழுக்குவார். அம்மிக் குழவியின் குட்டி மாதிரி இருக்கும் அந்த உருளை. நான் அதைக் குழவி என்றே சொல்வேன். ஒரு நாள் "நானும் கொஞ்சம் அரைச்சுப் பாக்கட்டுமா?" என்று கேட்டு வாங்கினேன். பிறகு தினமும் வாங்கினேன். நாலு மாசம் கழித்து விமானம் ஓடத் தொடங்கியபோது, பெட்டியின் எடையைப் பார்த்துவிட்டு அவரே அதை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

போகும்போது ஒரு தாளில் எட்டுக் கம்பிக்கும் எட்டு எழுத்து எழுதிப் பெட்டிக்குள் ஒட்டினார். மெல்லிய கம்பியிலிருந்து ஜி, ஈ, சி, ஏ. மறுபடியும் ஜி, ஈ, சி, ஏ. இப்படி முறுக்கி வைத்தால் எல்லாப் பாட்டும் வரும் என்றார். நானும் இத்தனை வருஷமாக அந்தத் தாளைத் தாண்டவில்லை. அந்த ஏ கம்பிகளில்தான் அழகே இருக்கிறது. மற்றவற்றோடு அது சேரும்போது பழைய சினிமாவில் காதலர்கள் படகில் போகிற மாதிரி ஒரு மயக்கம் வரும். களத்தில் பகலெல்லாம் கொட்டை பொறுக்கிவிட்டு வந்து உட்காருகிறவளுக்கு அந்த மயக்கம் தேவையாக இருந்தது.

இந்தக் கிடாரைப் பற்றி இரண்டு விஷயம் சொல்லியாக வேண்டும். சாதாரணக் கிடாரில் ஒவ்வொரு விரலும் ஒவ்வொரு கம்பியை வேறு வேறு இடத்தில் அழுத்தலாம். இதில் குழவி நேராகத்தான் படும். எட்டுக் கம்பியும் ஒரே இடத்தில்தான் நிற்கும். அதனால் முதலில் எப்படி முறுக்கி வைக்கிறோமோ, கடைசிவரை அதுதான். இரண்டாவது, குழவியை நகர்த்தினால் சுருதி ஏறும். ஆனால் வெறும் கம்பிக்குக் கீழே இறங்கவே இறங்காது. இறங்க வேண்டுமென்றால் திருகாணியைத் தளர்த்துவதைத் தவிர வேறு வழி கிடையாது.

இனி தமயந்தி. என் நாத்தனார், வீட்டுக்காரரின் தங்கை, அங்கன்வாடியில் வேலை. பங்குனி உத்திரத்துக்கு எங்கள் ஊரிலிருந்து பழனிக்குக் காவடி எடுத்து நடந்து போகிற கூட்டத்தில் இருபது வருஷமாக அவள்தான் முன்பாட்டு. முன்பாட்டுக்காரி ஒரு அடியைப் பாடினால் கூட்டம் அதை அப்படியே திருப்பிப் பாடும். அவள் இழுத்தால் இழுக்கும், குழைந்தால் குழையும். ஒரு வருஷம் நடு அடியில் அவளுக்கு விக்கல் வந்தது. நாற்பது பேரும் அதே இடத்தில் விக்கினார்கள். யாரும் கேலி செய்யவில்லை, பாட்டு அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டார்கள்.

போன ஐப்பசியில் அவள் கழுத்தில் ஒரு கட்டி. எடுக்காமல் விட்டால் ஆபத்து, எடுத்தால் குரல் குறையலாம் என்று மதுரை டாக்டர் முன்கூட்டியே சொன்னார். "எடுத்துருங்க" என்றாள் தமயந்தி. எடுத்தார்கள், பிழைத்தாள், குரல் குறைந்தது. மூன்று மாசம் வெறும் கிசுகிசுப்புதான். தை பிறந்ததும் பேச்சு வந்தது. தடித்து, தாழ்ந்து, சாயங்காலமானால் களைத்துவிடுகிற குரல். எங்கள் வீட்டில் வேறு யாரோ வந்து பேசுகிற மாதிரி இருந்தது.

"மதினி, பங்குனிக்கு நான்தான் பாடுவேன்" என்றாள்.

"டாக்டரு என்ன சொன்னாரு?"

"கத்தக் கூடாதுன்னாரு. பாடக் கூடாதுன்னு சொல்லல."

கூட்டத்துக்குத் தலைவர் மயில்சாமி அண்ணன். ஆர்மோனியம் அவருடையது, அவர் அப்பா காலத்துப் பெட்டி. ஒவ்வோர் ஆயுத பூசைக்கும் அதற்குச் சந்தனம் பூசி, முன்பாட்டு நிற்கிற கட்டையில் மட்டும் ஒரு குங்குமப் பொட்டு வைப்பார். ஆறாம் கட்டை. அடுத்த ஆயுத பூசைவரை அந்தப் பொட்டு அழியக் கூடாது. வாசிக்கும்போதுகூட விரலை ஓரமாக வைத்துத்தான் அழுத்துவார். புதிதாக யார் பாட வந்தாலும் "பொட்டுல நில்லு" என்பதுதான் அவர் முதல் பேச்சு. எங்கள் கூட்டத்துக்குச் சுருதி என்றால் அந்தப் பொட்டுதான்.

தை கடைசி ஞாயிற்றுக்கிழமை முதல் ஒத்திகை. தமயந்தி பொட்டில் தொடங்கினாள். அரை அடி போவதற்குள் குரல் உடைந்தது. மறுபடி தொடங்கினாள், மறுபடி உடைந்தது. மூன்றாவது தடவை காற்றுதான் வந்தது. மயில்சாமி அண்ணன் துருத்தியை மூடிவிட்டு, யாரையும் பார்க்காமல், "இந்த வருசம் நதியா எடுக்கட்டும்" என்றார். நதியா எங்கள் தெருப் பெண், சுகாதார நிலையத்தில் நர்ஸ். ஆறு கட்டை அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் அந்த நேரத்தில் அவளும் தலையைக் குனிந்துகொண்டாள்.

வீடு வரும்வரை தமயந்தி அழவில்லை. வந்து என் அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். "பாடாம காவடி தூக்கிட்டு ஊமையா நடக்கவா மதினி? அதுக்கு நான் போகவே வேணாம்" என்றாள். எனக்கு அழுகை வராது, கோபம்தான் வரும். யார்மேல் கோபப்படுவது என்று தெரியாததால் கிடாரை எடுத்து மடியில் வைத்தேன்.

"ஆறுல வரலன்னா எதுலதான் வருது? பாடுத்தா, பாப்பம்."

எங்கள் காவடிப் பாட்டின் முதலடி, ஸரிகமபதநியில் சொன்னால், கீழே பாவைத் தொட்டு எழும்பி, ஸாவில் நின்று, நடுப் பாவுக்கு ஏறி, கடைசியில் மேல் ஸாவில் போய் முடியும். அன்றைக்கு ஆரம்பித்து ஒவ்வொரு நாளும் வேலை முடிந்து வந்ததும் ஒவ்வொரு படியாகக் கீழே இறங்கினோம். ஐந்தரை, ஐந்து, நாலரை. நான்கு கட்டையில் கீழ்ப் பகுதி நன்றாக நின்றது, நடுப் பாவில் குரல் கிழிந்தது. சரி என்று மூன்றுக்கு இறங்கினோம். பா நின்றது. ஆனால் கீழே தொடுகிற இடத்தில் குரல் காற்றாகப் போனது. மேல் ஸா எதிலுமே வரவில்லை. அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளி வைத்தோம்.

நாலும் இல்லை, மூன்றும் இல்லை. மேலும் நாலு நாள் இப்படியே போனது. ஐந்தாவது நாள் நான் கிடாரைத் தொடவே இல்லை. "நீயா ஒரு எடத்துல நில்லு. ஒனக்குச் சொகமா இருக்கிற எடத்துல" என்றேன். அவள் கண்ணை மூடி ஸா பிடித்தாள். அங்கிருந்து கீழே போனாள், நின்றது. பாவுக்குப் போனாள், அதுவும் நின்றது. கழுத்துத் தழும்பின்மேல் விரலை வைத்துக்கொண்டு இன்னொரு முறை போய் வந்தாள். ஃபோனில் சுருதி காட்டுகிற ஆப்பைத் திறந்து அவள் வாய்க்கு நேரே பிடித்தேன். முள் மூன்றுக்கும் நான்குக்கும் சரி பாதியில் நின்று, சிவப்பாக எரிந்தது.

"தப்புன்னு காட்டுது மதினி."

"அதுக்கென்ன தெரியும்? அதுக்குக் கழுத்துல தையலா போட்டிருக்கு?"

ஆர்மோனியத்தில் இல்லாத இடம். ஆனால் என் மடியில் கிடப்பதில் கட்டையும் கிடையாது, கணக்கும் கிடையாது. திருகினால் எங்கே வேண்டுமானாலும் நிற்கும். மூன்றரைக் கட்டையை நானே உண்டாக்கிவிடுவது என்று அன்றைக்குத் தீர்மானித்தேன்.

தீர்மானிப்பது சுலபம். எட்டுக் கம்பியையும் எதெதில் வைப்பது? தோமாஸுக்கு வாட்ஸ்அப்பில் கேட்டேன். அவர் ஏழு விதமான முறுக்கு எழுதி அனுப்பி, பிடித்ததை எடுத்துக்கொள் என்று ஒரு பூவும் போட்டிருந்தார். ஏழிலும் தமயந்தி இல்லை. அதனால் அவருடைய பழைய எட்டு எழுத்தையே அப்படியே தமயந்தியின் இடத்துக்கு இறக்கினேன். மயக்கும் கம்பி என்னை விட்டுப் போகக் கூடாது என்பதுதான் காரணம், பொய் சொல்வானேன். அடிக்கம்பி தொளதொளவென்று தொங்கியது. வீட்டுக்காரர் ஜீப் கிளட்ச் கேபிளிலிருந்து ஒரு இழை உரித்துக் கொடுத்தார். அது பாத்திரம் தேய்க்கிற மாதிரி கத்தியது. பிறகு அவரே திண்டுக்கல் போனபோது தடித்த கம்பி ஒன்று வாங்கி வந்தார்.

ஒரு வாரம் வாசித்தேன். எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. தமயந்தியும் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு நாள் ஜீப்புக்கு அடியில் படுத்து ஏதோ முடுக்கிக்கொண்டிருந்த வீட்டுக்காரர் அங்கிருந்தே கேட்டார்.

"கிடாரு நல்லாத்தான் கேக்குது. தங்கச்சி எங்க?"

"பக்கத்துலதான் பாடிக்கிட்டு இருக்கா. காது அடைச்சிருச்சா?"

"அப்படியா? கேக்கலயே."

அன்றைக்கு அவர் சோற்றில் குழம்பு கொஞ்சம் குறைந்தது. ஆனால் அவர் சொன்னது சரி. அந்த மயக்கம் போர்வை மாதிரி அவள் மெல்லிய குரலை மூடிக்கொண்டிருந்தது. எனக்குத் தெரிந்தும்தான் ஒரு வாரம் தெரியாதவள்போல் இருந்தேன். மறுநாள் களத்திலிருந்து வெள்ளனே கிளம்பி வந்து, ஏ கம்பிகளை முதலில் திருகினேன். மனசே இல்லாமல்தான் திருகினேன். அவள் நிற்கிற ஸாவுக்கு மூன்று கம்பி, கனத்ததும் சன்னமுமாக. பாவுக்கு மூன்று. நடுவில் காவுக்கு ஒன்று, பாட்டுக்குச் சிரித்த முகம் வேண்டுமே என்று. அவள் வழியில் இல்லாத எதுவும் கிடாரில் இல்லாமல் பார்த்துக்கொண்டேன். எட்டாவது, எல்லாவற்றிலும் மெல்லிய கம்பி, அவள் ஏற முடியாத மேல் ஸாவுக்கு.

தட்டினேன். மயக்கம் இல்லை. கோயில் கல் தரையில் வெறுங்காலோடு நிற்கிற மாதிரி ஒரு சத்தம். தமயந்தி அதன்மேல் வாயைத் திறந்தாள். ஜீப்புக்கு அடியிலிருந்து வீட்டுக்காரர் வெளியே வந்து உட்கார்ந்துகொண்டார்.

"இப்ப கேக்குதா?" என்றேன்.

"இப்ப கேக்குது."

மேல் ஸாவுக்கு நானே ஒரு வழி சொன்னேன். "நடுப் பாவுல நீ நிறுத்திரு. அங்க இருந்து நான் எடுத்துக்கிட்டுப் போறேன். கம்பி ஏறட்டும்."

அவள் யோசித்தாள். "நான் பாதில நிறுத்துனா கூட்டம் என்ன செய்யும் மதினி?"

"அவுகளுக்குத் தெரியாத பாட்டா? அவுக பாட்டுக்கு மேல போயிருவாக."

நாங்கள் இரண்டு பேரும் அதை அத்தோடு விட்டுவிட்டோம்.

மாசிக் கடைசியில் மயில்சாமி அண்ணன் வீட்டுக்குப் போனோம். விஷயத்தைச் சொன்னதும் அவர் சிரித்தார்.

"மூன்றரைக் கட்டையா? அப்படி ஒன்னு கெடயாதும்மா."

"ஒங்க பெட்டில கெடயாது. என் பெட்டில இருக்குண்ணே."

"எங்கப்பா காலத்துல இருந்து வச்ச பொட்டு. அதை விட்டுட்டு எங்கயோ நடுவுல நின்னு பாடுனா சாமிக்கு எப்படிப் போகும்?"

நான் ஏதோ சூடாகச் சொல்ல வாயைத் திறந்தேன். தமயந்தி என் கையை அழுத்திவிட்டு, ஆர்மோனியத்தின் அருகில் குனிந்தாள். ஐந்தாம் கட்டையின் ஓரத்தில், மரத்தில் ஊறிப் போன ஒரு பழைய சிவப்பு. விரலால் காட்டினாள்.

"இது யாரு வச்சதுண்ணே?"

அவரும் குனிந்து பார்த்தார்.

"எனக்கு முந்தி ஒங்க அத்தை பாடுனாக. அஞ்சுல நின்னாக. நான் வந்தப்ப எனக்காகப் பொட்டை ஆறுக்கு மாத்துனீங்க. அப்ப சாமி ஒன்னும் கோவிச்சுக்கலயே?"

அவர் அந்தச் சிவப்பை விரலால் தேய்த்துப் பார்த்தார். அவர் கெட்ட மனுஷர் இல்லை. நாற்பது பேரை மலையிறக்கிக் கூட்டிப் போகிறவருக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது ஒன்று வேண்டும், அவருக்கு அது பொட்டு. கடைசியில் சொன்னார்.

"பாலசமுத்திரத்துல முதலடி நீ எடு. நான் பெட்டியத் தொட மாட்டேன். நீ எடுத்துக் கூட்டம் திருப்பிச்சுன்னா, பழனி அடிவாரம் வரைக்கும் நீதான் முன்பாட்டு. எப்பவும் போல. தட்டிப் போச்சுன்னா நதியா பொட்டுல எடுப்பா. அதுக்கப்புறம் இந்தப் பேச்சு நம்ம கூட்டத்துல வரவே கூடாது. சம்மதமா?"

"சம்மதம்" என்றாள் தமயந்தி. பாலசமுத்திரம் என்றால் சும்மா இல்லை. மலை முடிந்து சமவெளியில் கால் வைக்கிற இடம். அங்கே ஒரு கொய்யாத் தோப்பில் ஊர்க்காரர்கள் பானகம் கரைத்து வைத்திருப்பார்கள். எங்கள் கூட்டத்துக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. அங்கே முதலடி பாடி, கூட்டம் அதைத் திருப்பிப் பாடும்வரை ஒருவரும் ஒரு சொட்டு வாயில் வைக்கக் கூடாது. மதிய வெயிலில், நாக்கு வறண்டு நிற்கிற நாற்பது பேருக்கு முன்னால் அவள் எடுக்க வேண்டும்.

உத்திரத்துக்கு மூன்று நாள் முன்னால் கிளம்பினோம். கிளம்புகிற காலையில் பனி. ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, ஃபோன் ஆப்பைப் பார்த்து எட்டுக் கம்பியையும் முறுக்கி, ஒவ்வொன்றுக்கும் முள் எங்கே நின்றது என்று தோமாஸின் தாளுக்குப் பக்கத்தில் எழுதி ஒட்டினேன். கிடாரும் பேட்டரி ஸ்பீக்கரும் வீட்டுக்காரரின் ஜீப்பில், மூட்டை முடிச்சுகளோடு ரோடு வழியாக வந்தன. நாங்கள் காவடியோடு நடந்தோம். இரண்டு நாளும் தமயந்தி ஒரு வார்த்தை பேசவில்லை. தண்ணீர் வேண்டுமென்றாலும் கையைத்தான் காட்டினாள். குரலை அப்படிச் சேர்த்து வைத்தாள்.

இரண்டாம் நாள் நடுப்பகலில் தோப்புக்கு வந்து சேர்ந்தோம். வெயில் மண்டையைப் பிளந்தது. கொய்யா மரங்களுக்கு அடியில் இரண்டு அண்டா நிறையப் பானகம். சுக்கும் வெல்லமும் எலுமிச்சையும் கலந்த வாசனை மூக்கில் ஏறியது. காவடிகளைச் சாத்திவிட்டு எல்லோரும் நின்றார்கள். நான் கிடாரை எடுத்து மடியில் வைத்துத் தட்டினேன்.

எட்டுக் கம்பியும் இறங்கிக் கிடந்தன, அதுவும் ஒன்றுக்கொன்று சேராமல். கையை வைத்தால் கம்பி சுட்டது. அந்தக் கிடார் வட்டக்கானலில் இருந்து தாண்டிக்குடிக்கு வந்ததே தவிர, மலையை விட்டு இறங்கியதே இல்லை. குளிரில் முறுக்கிய கம்பி சூட்டில் தளரும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பெட்டியில் மடித்து வைத்த புடவைபோல எல்லாம் சரியாக இருக்கும் என்று நம்பிக்கொண்டு வந்திருந்தேன். என்னையே நாலு அறை அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

ஃபோனை எடுத்தேன். வெயிலில் திரை தெரியவில்லை. நிழலில் பிடித்தால் கூட்டத்தின் பேச்சுக்கும் தவிலுக்கும் முள் குதித்தது. வியர்வையில் விரல் வழுக்கியது.

"என்னம்மா, ஆகுமா ஆகாதா?" என்றார் மயில்சாமி அண்ணன். யாரோ பின்னால் "தொண்டை காயுதுப்பா, வெரசா" என்றார்கள். ஒரு சின்னப் பிள்ளை அழத் தொடங்கியது. அண்ணன் ஆர்மோனியத்தின் துணியை விலக்கினார். பொட்டு சிவப்பாகத் தெரிந்தது.

தமயந்தி வந்து என் முன்னால் தரையில் உட்கார்ந்தாள். இரண்டு நாளில் முதல் தடவையாகப் பேசினாள்.

"ஃபோனை வைங்க மதினி. நான் பிடிக்கிறேன். நீங்க என்னப் பாத்து முறுக்குங்க."

கண்ணை மூடி மெல்ல ஸா பிடித்தாள். அது மலையில் நின்ற அதே இடமா, இந்த வெயிலிலும் நடையிலும் அவள் குரலும் இறங்கியிருந்ததா, எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் இல்லை. மூன்று ஸாவையும் அவளிடமிருந்தே எடுத்தேன். மூச்சு வாங்கிக்கொண்டு பா பிடித்தாள். அதில் மூன்று. காவுக்கு ஒரு கம்பி. கூட்டம் முணுமுணுத்தது. அண்ணன் துருத்தியில் கை வைத்ததை ஓரக்கண்ணால் பார்த்தேன். அந்தக் கையின்மேல் இன்னொரு கை வந்து விழுந்தது.

"இருங்க மாமா" என்றாள் நதியா. "இன்னும் ஒரு கம்பி பாக்கி இருக்கு."

எட்டாவது கம்பிக்கு அவளிடம் குரல் இல்லை. கீழ் ஸாவை அவள் பிடிக்க, அதற்கு மேலே நானாகத்தான் தேடிப் போனேன். மெல்லிய கம்பி, கொஞ்சம் கூடினால் அறுந்துவிடும். முருகா, இந்த ஒரு திருகு மட்டும் என்று கேட்டுக்கொண்டு திருகினேன். போய்ச் சேர்ந்தது.

எட்டையும் ஒன்றாகத் தட்டினேன். தமயந்தி எழுந்து நின்று பாடினாள்.

கீழே தொட்டாள், நின்றது. ஸாவில் நின்றாள். குரல் பெரிதாக ஒன்றும் இல்லை, பக்கத்து வீட்டில் யாரோ பேசுகிற அளவுதான். ஆனால் தோப்பு மொத்தமும் அமைதியாகிவிட்டதால் கடைசி மரம்வரை போனது. நடுப் பாவுக்கு ஏறினாள், பிசிறு இல்லாமல் பிடித்தாள், நிறுத்தினாள். நான் பா கம்பியில் குழவியை வழித்துக்கொண்டு ஏறி, எட்டாவது கம்பியையும் தட்டி மேல் ஸாவில் முடித்தேன். முதலடி முடிந்தது. என் வேலையும் முடிந்தது என்று குழவியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன். இனி கூட்டம் பாட வேண்டும்.

கூட்டம் பாடியது. நாற்பது பேரும் அவள் நின்ற இடத்திலேயே நின்றார்கள். பொட்டைத் தேடி ஒருவரும் ஓடவில்லை. கீழே தொட்டு, ஸாவில் நின்று, பாவுக்கு ஏறினார்கள்.

பாவில் நிறுத்தினார்கள்.

அத்தனை பேரும், ஒரே நேரத்தில், கத்தியால் வெட்டினாற்போல. தவில்காரர்கூட நிறுத்திவிட்டார். ஒரு சத்தமும் இல்லை. எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஏன் நிறுத்தினார்கள், என்ன தப்பு நடந்தது என்று நிமிர்ந்து பார்த்தேன். நாற்பது பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மயில்சாமி அண்ணன் கண்ணாலேயே என் கையைக் காட்டினார். அப்போதுதான் உறைத்தது. மடியில் இருந்த குழவியை அள்ளி எடுத்துக் கம்பியில் வைத்து, அவர்கள் விட்ட இடத்திலிருந்து மேலே ஏற்றிக்கொண்டு போனேன். அவளுக்காக ஏற்றியதைவிட இதை நிதானமாக ஏற்றினேன். மேல் ஸா போய் நின்று, தானாக அடங்கும்வரை கையை எடுக்கவில்லை.

"வேல் வேல்!" என்றார் மயில்சாமி அண்ணன். "அரோகரா!" என்றது கூட்டம். அவர் ஆர்மோனியத்தைத் துணியால் மூடிவிட்டு, "பானகம் ஊத்துங்கப்பா" என்று அண்டா பக்கம் திரும்பினார்.

எல்லோரும் குடித்தார்கள். தமயந்தி மட்டும் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஜெயித்த முகமாக இல்லை.

"மதினி, எனக்குப் பாவம் பாத்து நிறுத்துனாங்களா?"

"தெரியலத்தா."

"பாவம் பாத்துன்னா எனக்கு வேணாம். நதியாவே எடுக்கட்டும்."

பக்கத்தில் ஆண்டிச்சாமி, இருபது வருஷமாகப் பின்வரிசையில் பாடுகிறவர், மூன்றாவது தம்ளரை முடித்துக்கொண்டிருந்தார். அவரையே கேட்டேன்.

"ஏண்ணே, பாட்டு மேல போகுமேன்னு ஒங்களுக்குத் தெரியாதா? எதுக்குப் பாதில நிறுத்துனீங்க?"

அவர் என்னைப் பைத்தியத்தைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

"இது என்னம்மா கேள்வி? முன்பாட்டு அங்கனதான நிறுத்துச்சு?"

சொல்லிவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தம்ளருக்குப் போனார். தமயந்தி அவர் போவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண் நிறைந்தது. பிறகு பானகத்தை ஒரே மூச்சில் குடித்து, தம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்தாள்.

"கம்பியச் சரி பாருங்க மதினி. அடுத்த அடி எடுக்கணும்."